துடக்கும் மால்டாவும்

ஈழப்போரில் காணாமற்போனோரைப் பற்றிய வதந்தியை நம்பி, உயிரோடிருந்தவர்களுக்கே நம்மவர் துக்கம் காத்த காலம் அது. ஆகையால் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

கனடாவில், ஸ்காபரோப் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு தாயும் மகளும் இருந்தனர். மகளின் மடியில் வயலின் பெட்டி. மால்டாத் தீவின் கோடை இசைவிழாவுக்கு அவளுடைய நால்வர் குழு அழைக்கப்பட்டிருப்பதைப் பேச்சிலிருந்து அறிந்தேன்.

“செத்தவீட்டுத் துடக்கோடை மேடையேறக் கூடாது, பிள்ளை,” என்றார் தாய், சாவுத் தீட்டைச் சொல்லி.

“ஆருடைய செத்தவீடு?”

“கொப்பரைப் பற்றி ஊரிலையிருந்து வந்த கதை தெரியுந்தானே?”

“கதைதானே அம்மா வந்தது. ஆமி கொண்டுபோனதுக்குப் பிறகு ஒருத்தரும் அப்பாவைக் காணேல்லை. செத்ததையும் காணேல்லை.”

“நீ இல்லாட்டி வெள்ளையளுக்கு வயலின் வாசிக்கத் தெரியாதோ?”

“நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறது. நான் நிண்டால் ஒருத்தரும் போகேலாது.”

தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“காலமை பொட்டு வைச்சனீங்கள். அப்பா இருக்கிறார் எண்டுதானே வைச்சனீங்கள்? பிறகு எனக்கென்ன துடக்கு?”

தாயின் கை நெற்றிக்குச் சென்றது. பொட்டை அழிக்காமல் அங்கேயே சற்று நின்றது.

“போயிட்டு வா,” என்றார். “வந்து, கொப்பருக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு.”

அடுத்த தரிப்பிடத்தில் இருவரும் இறங்கினர். அவள் மால்டாவுக்குப் போனாளா, தந்தை உயிரோடிருந்தாரா என்பவை எனக்குத் தெரியா.