சவுண்டெல்லாம் நல்லா இருக்குதுங்க

உள்ள வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டுங்க. ராபின்தானுங்களே? வாட்ஸப்புல போட்டோ அனுப்பிச்சனே, அந்த டிவி இதுதானுங்க. நாப்பத்தி மூணு இஞ்சு. ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம். நல்லாக் கிட்டப் போயிப் பாருங்க. அவுருக்கு மறைக்குமேன்னு ரோசனை பண்ணாதீங்க. எங்கப்பாதானுங்க. அர்த்தநாரின்னு பேரு. வணக்கம் சொன்னீங்களா? அதெல்லாம் திருப்பிச் சொல்ல மாட்டாருங்க. படம் ஓடுதுல்லங்க. கலெக்டரே வந்து நின்னாலும் அந்த வெள்ளைக்காரன் சுட்டு முடிக்கோணும், அப்பறந்தான் தலை திரும்பும்.

சவுண்டுங்களா? சவுண்டெல்லாம் நல்லா இருக்குதுங்க. இப்பக் கொறச்சு வெச்சிருக்கறன். போறப்பப் போட்டுக் காட்டறனுங்க. உக்காருங்க மொதல்ல.

எதுக்கு விக்கறீங்கன்னு கேக்கறீங்களாக்கும். அந்தக் கருமத்தைப் பாருங்க, இப்ப ஓடறதை. பாத்தீங்களா? எலிகாப்டர்ல ஒரு கையில தொங்கிக்கிட்டு இன்னொரு கையில சுடறான். அறுவது வயசு இருக்குமுங்க அவனுக்கு. எனக்கு முப்பத்தெட்டு, பஸ்ல ஒரு கையில தொங்குனா அடுத்த நாள் தோள்பட்டை தூக்க முடியலீங்க.

நான் பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறனுங்க. ஒரு நாளைக்கு ரண்டாயிரம் பீஸ் என்ர கண்ணு முன்னால போகுது. ஊசிக்கோடு, ஓட்டை, எண்ணெய்க் கறை, எதா இருந்தாலும் பத்தடி தள்ளி நின்னே சொல்லிருவேன். எது டேமேஜுன்னு எனக்குத் தெரியுங்க. இவுரு பாக்கறது பூராமே டேமேஜுங்க. ஒரே கதை. பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவன் ஒருத்தன், காட்டுக்குள்ள தனியா வெறகு வெட்டிட்டு இருப்பான். அவனோட புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவானுங்க. உடனே பொட்டியத் தெறந்து துப்பாக்கி எடுப்பான். அவ்வளவுதான், அதுக்கு மேல கதை கெடையாது. இல்லீன்னா ஏரோபிளேன்ல குண்டு. செவப்பு ஒயரை வெட்டறதா நீல ஒயரை வெட்டறதான்னு ஒருத்தன் வேர்த்து ஊத்திட்டு நிப்பான். எந்தப் படத்துலயாச்சும் தப்பான ஒயரை வெட்டி எல்லாரும் செத்துப் போயிருக்கறாங்களா? ஒண்ணுல கூட இல்லீங்க. தெரிஞ்சும் இந்த மனுசன் சேரோட நுனிக்கு வந்து உக்காந்துக்குவாரு.

இதுல தமிழ் டப்பிங் வேற. அமெரிக்காக்காரன் வாயத் தெறந்தா நம்மூரு ஆட்டோ ஸ்டாண்டுல பேசற பேச்சு. வாய் ஒருபக்கம் போகும், பேச்சு ஒருபக்கம் போகும். சீன்னு ஆயிருமுங்க எனக்கு.

மெதுவா எதுக்குங்க பேசோணும்? அவுரு காதுல நல்லா உழுகட்டும். உழுகோணும்னுதான் இவ்வளவு சத்தமாச் சொல்லிட்டிருக்கறேன். மூஞ்சியில ஒரு சுருக்கம் உழுகுதா பாருங்க. எருமை மாட்டு மேல மழை பேஞ்சாப்புல.

உங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கமுங்களா? அப்ப எங்க பழக்கம் உங்களுக்குத் தெரியாது. நாங்க பூர்வீகமாத் தறிக்காரங்க. சாமளாபுரத்துல முப்பது வருசம் பவர்லூம் ஓட்டுனவரு இவுரு. எங்கம்மாவும் கூடவே. மருதம்மாள்னு பேரு. ஒரு குடோனுக்குள்ள பதினாறு தறி ஓடுனா என்ன சத்தம் வரும்னு நினைக்கறீங்க? பக்கத்துல நிக்கறவன் செத்தாலும் தெரியாதுங்க. அதனால அங்க யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க. நூல் தீந்துபோன வெத்துக் கட்டை கெடக்குமுங்க, அதுல ஒண்ணை எடுத்து அடுத்த ஆளோட காலுகிட்ட எறிவாங்க. அந்த ஆளு கீழ பாப்பான், அப்பறம் நிமுந்து இவனைப் பாப்பான். அப்பறம் கையும் வாயசைப்புந்தான் நாயம், பேச்சு எல்லாம். டீ வேணுமா, நூல் அறுந்துருச்சு, ஓனர் வர்றாரு, எல்லாமே கையில.

சரி, குடோன்ல அது வேணும். ஊட்டுலயும் அதையே பண்ணுனா? கிருத்திகா, என்ர சம்சாரம், கல்யாணமாயி மறுவீட்டு விருந்துக்கு அவங்க ஊட்டு ஒரம்பரை, சொந்தக்காரங்க பூராம் எங்கூட்டுல உக்காந்திருக்காங்க. எங்கம்மா சமையக்கட்டுல இருந்து கரண்டியத் தூக்கி எங்கப்பா காலுகிட்ட எறியுதுங்க, ரசம் எடுத்துட்டு வரச்சொல்லி! மாமனார் பயந்து எந்திரிச்சுட்டாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அன்னைக்கே அம்மாவைத் திட்டினேன். ஏம்மா, வாயில்லையா, மனுசரைக் கூப்புடற மாதிரிக் கூப்புட்டா என்னன்னு. அது சிரிச்சுட்டுப் போயிருச்சுங்க.

நான் வேலைக்கு வந்து, இங்க அருள்புரத்துல ஊடு புடிச்சு, ரண்டு பேரையும் கூட்டியாந்தேன். தறி வேண்டாம், உக்காந்து சாப்பிடுங்கன்னேன். உக்காந்தாரு. அன்னைக்கு உக்காந்தவருதானுங்க, இன்னும் எந்திரிக்கலை. இந்தச் சேரு, இந்த டிவி, இந்தச் சண்டை. மொதல்ல சவுண்டு இருபதுல இருந்துச்சு. வருசத்துக்கு வருசம் ஏறிட்டே போச்சு. நாப்பது, அறுவது, கடைசில நூறு. வீதி முக்குல திரும்பறப்பவே எங்கூட்டு மெஷின்கன் கேக்குமுங்க. பக்கத்து ஊட்டு சாமியாத்தாள் அக்கா வாசல்ல வந்து நின்னுக் கத்தீட்டுப் போகும். இவுரு சிரிச்சுத் தலையாட்டுவாரு. கொறைக்க மாட்டாரு. போன் அடிச்சா எடுக்க மாட்டாரு. நாலு தரம் அப்பான்னு கூப்புட்டா அஞ்சாந்தரம் தான் என்னன்னு பாப்பாரு. திமிருங்க. சம்பாதிக்கற பையன் ஊட்டுல உக்காந்துட்டுத் திமிரு.

அம்மாங்களா? இல்லீங்க. போயிருச்சு. போன ஆடி மாசம்.

அதாங்க சொல்ல வர்றேன். இந்த டிவி ஊட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு அதனாலதான். அன்னைக்குப் புதன்கிழமை, நானும் கிருத்திகாவும் எட்டு மணிக்கே கம்பெனிக்குப் போயிட்டம். அம்மா குளிக்கப் போயிருக்குது. அதா, அவுரு சேருக்குப் பின்னால தெரியுதுல்லங்க, அதான் பாத்ரூம். பன்னண்டு அடி இருக்குமா? வழுக்கி உழுந்து இடுப்பு ஒடிஞ்சுருச்சு, தலையிலயும் அடி. நான் ஒன்றரை மணிக்குச் சாப்பிட வர்றேன். இவுரு இங்க உக்காந்து படம் பாத்துட்டிருக்காரு. என்னைப் பாத்துச் சிரிக்கறாருங்க. சிரிக்கறாரு! நான் அக்கட்டத் திரும்பிப் பாத்தா பாத்ரூம் கதவு தெறந்திருக்குது. குழாய்ல தண்ணி போயிட்டே இருக்குது. சொம்பு, பிரஷு, கால் தேய்க்கற கல்லு, சோப்பு டப்பா, எல்லாம் ஹாலு வரைக்கும் செதறிக் கெடக்குது. அந்தளவுக்குத் துடிச்சிருக்குதுங்க அந்த உசுரு. இவுரு ஒயரு வெட்டறதைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு.

நெனவு வரவே இல்லீங்க அம்மாவுக்கு. மூணாம் நாளு முடிஞ்சு போச்சு. ஒரு ரண்டு மணி நேரம் முன்னால கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு.

அந்தப் படத்துலெல்லாம் பாத்திருக்கீங்களா, ஈரோவுக்குப் பின்னால இருட்டுல ஒருத்தன் துப்பாக்கியத் தூக்குவான். டிக்குன்னு ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், திரும்பிச் சுட்டுருவான். அதைப் பாத்துத் தொடையத் தட்டுவாரு இந்த மனுசன். கட்டுன பொண்டாட்டி பன்னண்டடில உழுந்து கெடந்ததுக்குத் திரும்பலீங்க. த்தூ.

எளவு ஊட்டுல ஒரம்பரையெல்லாம் எப்படியாச்சு அர்த்தநாரின்னு கையப் புடிச்சுக் கேக்கறாங்க. இவுரு என்ன சொன்னாரு தெரியுமுங்களா? உள்ள போயி உக்காருங்கன்னாரு. அழுதாரு, அழுகலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்டது ஒண்ணு, சொன்னது ஒண்ணுங்க.

நீங்களும் அதைத்தான் சொல்றீங்க. பாவம் பெரியவரு, அந்தச் சவுண்டுல எப்படிக் கேக்கும்னு. ஒரம்பரைக்கெல்லாம் நானும் அப்படித்தாங்க சொன்னேன். டிவி சத்தத்துல அவுருக்குக் கேக்கலைன்னு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சாமியாத்தாள் அக்கா கூட ஆமா ஆமான்னுச்சு.

நீங்க வெளியாளு, டிவிய எடுத்துட்டுப் போயிருவீங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன. அன்னைக்கு டிவில சவுண்டே இல்லீங்க.

ஆமாங்க. காலைல ஏழரை மணிக்கு நான் ஷிப்மெண்டு விசயமாப் போன் பேசிட்டிருக்கறேன், இக்கட்டப் படபடபடன்னு சுடறானுங்க. எனக்கு வந்த கோவத்துல டிவி ரிமோட்டை எடுத்துச் சவுண்டைச் சைபருக்குக் கொறச்சு, ரிமோட்டை என்ர சாப்பாட்டுப் பையில போட்டுட்டுக் கம்பெனிக்குப் போயிட்டேன். சேனல் மாத்தற கேபிள் பொட்டி ரிமோட்டு அவுருகிட்டத்தான் இருந்துச்சு. அதுல படம் மாறும், சவுண்டு வராதுங்க. அப்படின்னா என்ன அர்த்தம்? ஊடு கம்முனு இருந்திருக்குது. எங்கம்மா கூப்புட்டது அத்தனையும் இவுரு காதுல உழுந்திருக்குது. கேட்டுட்டே உக்காந்திருக்காருங்க. படம் முடியட்டும்னு.

இதை யாருகிட்டச் சொல்ல முடியும்? பெத்த அப்பனாச்சே. அதான் சத்தத்து மேல பழியப் போட்டேன். மனசுக்குள்ள மட்டும் அருவருத்துப் போச்சு. அவுரு தின்ன தட்டைக் கூட நான் தொட மாட்டேன். பதினோரு மாசமா நான் அவுருகூடப் பேசறதில்லீங்க. ரிமோட்டையும் கொடுக்கலை. இன்னும் அந்தப் பையிலதான் கெடக்குது. கிருத்திகா படம் பாக்கறதெல்லாம் போன்லதான், அவளுக்கு இந்த டிவி தேவையில்லை. இவுருந்தான் இப்படியே பாத்துட்டிருக்காரு. ஒரு நாளாச்சும் ரிமோட்டு எங்க கண்ணுன்னு கேட்டாருங்கறீங்க? கேக்க மாட்டாரு. குத்தமுள்ள நெஞ்சு எப்படிக் கேக்கும்? பதினோரு மாசம் ஊமைப்படம். அவ்வளவு வீம்பு.

சரி, உடுங்க. என்ர கதையக் கேட்டு உங்களுக்கு என்னாகப் போகுது. சவுண்டு பாக்கோணும்னீங்கள்ல. இருங்க, பையில இருந்து எடுக்கறேன். பேட்டரி இருக்குதான்னு தெரியலை. ம், இருக்குது.

இந்தாங்க, இருபது. தெளிவா இருக்குதுங்களா? இப்ப நாப்பது. பாத்தீங்களா, ஸ்பீக்கர் ஒரு கரகரப்பு இல்லீங்க. அறுவது. ஏனுங்க காதைப் பொத்தறீங்க, ஒண்ணும் ஆகாது. அதா, சாமியாத்தாள் அக்கா வாசலுக்கே வந்துருச்சு. ஒண்ணுமில்லக்கா, டிவி விக்கறம்! பதினோரு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் இவுரு காதுல சத்தம் உழுகுது, எப்படித் துள்ளப் போறாருன்னு பாருங்க.

நூறுங்க.

என்னங்க இது.

ராபின், நீங்க அந்தப் பக்கம் நிக்கறீங்கள்ல, அவுரு மூஞ்சியப் பாருங்களேன். திடுக்குனு ஆனாருங்களா? கண்ணு? கண்ணு கூடச் சிமிட்டலீங்களா?

அப்பா. அப்பா! அப்போவ்!

இல்லீங்க, நீங்க இருங்க, தொடாதீங்க. சித்த இருங்க. சவுண்டு இல்லைன்னு இவுருக்குத் தெரியவே தெரியாதுங்க. அன்னைக்கும் தெரியாது. இப்ப வந்துருச்சுன்னும் தெரியலை. சண்டைப் படம்னா பேச்சே வேண்டாம், அடிக்கறதைப் பாத்தாப் போதும், கதை புரிஞ்சுரும். அதுக்குத்தான் இந்தப் படம். நான் என்னென்னமோ பேசிட்டனுங்களே. ரண்டாயிரம் பீஸ் பாக்கறானாமா இவன். என்னையக் கண்டா எனக்கே சீன்னு இருக்குதுங்க.

எங்கம்மாவுக்குத் தெரியுமுங்க. கரண்டிய எறிஞ்சது அதுக்குத்தான். அன்னைக்கும் அது கூப்புட்டிருக்காதுங்க, கூப்புட்டு என்ன ஆகப் போகுது. கைக்கு எட்டுனதையெல்லாம் எடுத்து இவுரு காலுகிட்ட எறிஞ்சிருக்குது. சொம்பு கதவுகிட்டயே நின்னுருச்சு. கல்லு கொஞ்சம் தள்ளி. சோப்பு டப்பா இந்தச் சேருக்குப் பின்னால, இதா இங்க, ஒரு முழந்தான் இருக்குமுங்க. நாந்தான் பொறுக்கி எடுத்து வெச்சேன். இன்னும் ஒரு முழம் முன்னால வந்திருந்தா இவுரு கண்ணுல பட்டிருக்கும்.

டிவி இல்லீங்க, ராபின். விக்கலை. கோவிச்சுக்காதீங்க.

நவுருங்க சித்த. இந்த ரிமோட்டைத்தான் எறியப் போறேன். காலுகிட்ட உழுகோணும், மேல பட்டுறக் கூடாது.

பாத்துட்டாருங்க. திரும்பறாரு. என்ன கண்ணுங்கறாருங்க.