சலாம் வரிசைக்கு அடுத்தது

கலைக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த பரம்பரை எங்களுடையது. என் முறை வந்தபோது அது றிஸ்வி என்பவரின் இடது காலோடு நின்றுவிட்டது. அந்த எலும்பும் பொருந்தி வருவதாகக் கேள்வி.

தேநீருக்கு நன்றி, சார்ஜன்ட். சீனி கொஞ்சம் கூட, பரவாயில்லை. என் கால் பெருவிரல் நகம் கறுத்திருப்பதை நீங்கள் பார்ப்பது தெரிகிறது. அது வேறு விஷயம், இந்த வழக்கோடு சம்பந்தமில்லாதது.

ஓட்டமாவடியில் யாரைக் கேட்டாலும் அசனார் அண்ணாவியார் என்று என்னைக் காட்டுவார்கள். சீனடி சிலம்படி என்கிற கம்பு வித்தையைச் சொல்லிக்கொடுப்பவரை எங்கள் பக்கம் அண்ணாவியார் என்பது வழக்கம். நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்தேனா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தக் கலையின் ஒழுங்கை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கம்பெடுத்து நிற்கும் இருவரும் முதலில் சலாம் வரிசை செய்வார்கள். நிலத்தைத் தொட்டு, நாலு திசைக்கும் திரும்பி, கம்பைச் சுழற்றி, தலை குனிவது. இளையவர் தன் சலாத்தை முடித்துக் குனிந்தபடி நிற்பார். மூத்தவர் தன் சலாத்தை முடித்துக் கம்பை நிலத்தில் ஊன்றும்வரை அவர் நிமிரக் கூடாது. மூத்தவரை அவசரப்படுத்துவது மரியாதையில்லை. குனிந்து நிற்பவரை அடிப்பதற்கு இந்தக் கலையில் பெயரே கிடையாது. யாரும் செய்ததில்லை என்பதால் பெயர் தேவைப்படவில்லை.

என் வாப்பா பெரிய அண்ணாவியார். எனக்குச் சலாம் வரிசையைச் சொல்லித் தந்தார். ஒரு நாள் நான் செய்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு இது போதும் மகன்" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. அடுத்த அடி வரிசைகளையெல்லாம் என் மச்சான் நளீருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குச் சலாம் மட்டும் போதவில்லை போலும்.

எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவரும்போது முன்னால் நான் கம்பெடுத்து நிற்பேன். என் சலாம் கொஞ்சம் நீளமானது. அது முடிவதற்குள் யாராவது வந்து, "போதும் அண்ணாவியார், சோறு ஆறுது" என்று சால்வை போட்டுவிடுவார்கள். என்னோடு நிற்க வந்த எதிராளிகள் குனிந்தபடியே பந்திக்குப் போயிருக்கிறார்கள். இப்படியே தாடி நரைத்தது. என்னை வென்றவர் ஊரில் யாரும் இல்லை. இது பொய்யில்லை, விசாரித்துப் பாருங்கள்.

பிறகுதான் மதுஷன் வந்தார். கொழும்பில் ஆறு மாதம் சினிமா படித்த மட்டக்களப்புப் பிள்ளை. வெயிலிலும் கழுத்தில் கம்பளிச் சால்வை போட்டிருப்பார். 'செங்குருதி வாவி' என்று ஒரு பழிவாங்கும் படம். தந்தையைக் கொன்றவர்களை மகன் ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சிலம்படியால் அழிக்கிற கதை. சண்டைப் பயிற்சிக்கு என்னைப் பிடித்தார். என் வீட்டு முற்றத்தில் சலாம் வரிசையைச் செய்து காட்டினேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை செய்தேன். மதுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் அண்ணாவியார் நான் தேடின மொழி. அடி இல்லாத வன்முறை."

நானும் அதைத்தான் நினைத்தேன் என்றேன்.

ஆகவே அந்தப் படத்தில் சண்டை என்றால் கதாநாயகன் சலாம் செய்வார். எதிரிகள் விழுவார்கள். கதாநாயகன் இஷாம் ஏறாவூரில் உடற்பயிற்சி நிலையம் வைத்திருப்பவர், விஷயத்தை உடைத்துக் கேட்கிற ஆள். "நான் தொடக்கூட இல்லையே, இவனுகள் என்னத்துக்கு விழுறானுகள்?" என்றார். "மரியாதை தாங்காம" என்றார் மதுஷன். கல்குடாக் கடற்கரையில் ஒரு வாரம் மரியாதை தாங்காமல் ஆட்கள் மணலில் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

உதவி இயக்குநர் தனுஷா என்றொரு பிள்ளை. அவள் மட்டும் ஒரு நாள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடியே கேட்டாள்.

"அண்ணாவியார், சலாம் முடிஞ்சா மறுகா என்ன வரும்?"

"அது பாக்கிறவனுக்கு விளங்காது மகள். வாங்கிறவனுக்குத்தான் விளங்கும்."

"வாங்கின ஆள் ஆரும் இருக்காங்களா?"

நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். சில பிள்ளைகளுக்குச் சாப்பிடும்போது பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொடுப்பதில்லை.

அந்த நாட்களில் மச்சான் நளீரும் படப்பிடிப்புக்கு வந்தார், உதவி செய்கிறேன் என்று. அவர் மதுஷனின் சால்வையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று மதுஷனிடமே சொன்னேன். அன்று பின்னேரமே அவரை அனுப்பிவிட்டார்கள். அது குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. நளீர் சிரித்தது உண்மை. நான் அந்தச் சால்வையைக் காட்டிய பிறகு சிரித்தார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. படத்தின் பெரிய வில்லன் மட்டும் மிச்சம். அப்போது இஷாமுக்குக் கட்டார் விசா வந்தது. அன்றிரவே பயணம் சொல்லிவிட்டுப் போனார். பழிவாங்க வேண்டியவர் டோகாவில் இருக்கிறார், சாக வேண்டியவர் இங்கே இருக்கிறார். மதுஷன் வாவிக்கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"மகனுக்குப் பதிலா அவன்ட குருவே பழிவாங்கினா? ஒரே ஷொட். வெட்டே இல்ல. உண்மையான சண்டை."

உண்மையான என்ற சொல்லை அவர் இரண்டு தரம் சொன்னார்.

வில்லனாக றிஸ்வியைக் கொண்டுவந்தார்கள். அவரும் ஏறாவூர்தான், லொறி ஓட்டுகிறவர். நல்ல மனிதர். சிறு வயதிலிருந்து முறையாகப் படித்தவர், எல்லா வரிசையும் தெரியும். வந்தவுடன் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். இப்படியான ஆட்களால்தான் எனக்கு எப்போதும் தொந்தரவு.

வாழைச்சேனைப் பக்கம் வாவியில் முழங்கால் ஆழத் தண்ணீரில் படப்பிடிப்பு. "செருப்பக் கழட்டாதீங்க அண்ணாவியார், அதுக்குள்ள என்னவும் கிடக்கும்" என்றாள் தனுஷா. அண்ணாவியார் செருப்போடு கம்பெடுப்பதில்லை என்று சொல்லி இறங்கினேன். றிஸ்வி தன் சலாத்தை முடித்துக் குனிந்தார். நான் என்னுடையதைத் தொடங்கினேன். சூரியன் மரங்களுக்குப் பின்னால் போய், கெமராக்காரர் கையை விரிக்கும்வரை முடிக்கவில்லை. றிஸ்வி ஒரு தரம்கூட நிமிரவில்லை. கரைக்கு வரும்போதும் அவருடைய கழுத்து அப்படியே இருந்தது.

"என்ட உஸ்தாதுகூட இவ்வளவு நேரம் சலாம் செஞ்சதில்ல" என்றார், பூமியைப் பார்த்தபடியே. "நாளைக்கு மிச்சத்தையும் காட்டுங்க அண்ணாவியார். ஒங்கட கையால ஒரு அடி வாங்கினா அது எனக்குப் பெரும. நானும் கை வைக்காம உட மாட்டன், கோவிக்கப்படா."

மறுநாள் விடியற்காலையிலேயே படப்பிடிப்பு. அந்தியாகட்டும் என்று சொல்லவும் வழியில்லை, முழுப் பகலும் முன்னால் கிடந்தது. செய்தி பரவி ஊரே கரையில் நின்றது. மச்சான் நளீரும் நின்றார், கைகட்டிக்கொண்டு. நான் தண்ணீரில் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஒருவரின் முகம் அது.

சார்ஜன்ட், என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சலாம் முடிந்தால் நான் முடிந்தேன். என் வாப்பாவின் பெயர், பெண்டாட்டி கைறுன்னிஸா தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது, எனக்குப் போட்ட சால்வைகள் எல்லாம் அந்த முழங்கால் தண்ணீரில் போய்விடும். றிஸ்விக்கோ ஒரு கால்தான். இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. நாலு திசைக்கும் திரும்பியபடி நிதானமாக யோசித்தேன். எந்தக் கால் என்பதையும் யோசித்தேன். லொறிக்குப் பிரேக் வலது காலில். குடும்பஸ்தன், பிழைப்பு கெடக் கூடாது. ஆகவே இடது காலைத் தெரிந்தெடுத்தேன். கிளச் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் தலை குனிந்து நின்றார். நான் அடித்தேன்.

சத்தம் கரைக்குக் கேட்டது. அவர் முகம் குப்புற விழுந்தார். இந்த இடத்தில் என்னைச் சிலர் தப்பாக நினைக்கலாம், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். அவருடைய முகம் தண்ணீருக்குள் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் சலாம் பாதியில் நின்றிருந்தது, கெமராவும் ஓடிக்கொண்டிருந்தது. சலாத்தை இடையில் நிறுத்துவது எதிராளிக்குச் செய்யும் அவமரியாதை. மேற்கும் வடக்கும் மிச்சம் இருந்தன. இரண்டையும் முடித்து, கம்பை ஊன்றினேன். என் வாழ்க்கையில் நான் முழுதாக முடித்த முதல் சலாம் அது. பக்கத்தில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. தனுஷாதான் உடுப்போடு பாய்ந்து அவரைத் தூக்கினாள். மதுஷன் அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில்.

அத்தோடு என்னைத் தூக்கி உள்ளே போட்டிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. றிஸ்வி விடவில்லை. சேற்றில் வழுக்கி விழுந்தேன் என்று உங்களிடமே எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மாவுக்கட்டும் ஊன்றுகோலுமாக ஒரு சகன் தட்டு நிறையப் புரியாணியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சலாத்துக்குள்ளேயே ஒரு அடி ஒளிச்சிரிக்கி எண்டு பழைய ஆக்கள் சொல்லுவாங்க. நான் நம்பல்ல. ஆருக்கும் தெரியப்படாதெண்டுதான் பொலிசில பொய் சொன்னன். இனி என்ட மகனுக்கு நீங்கதான் அண்ணாவியார்."

நான் மறுத்திருக்கலாம். புரியாணி நன்றாக இருந்தது.

படத்தை மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். அந்த அடி விழுந்ததும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். இப்போது எல்லோருடைய போனிலும் அந்தத் துண்டுதான். அடிக்கிற கணத்தில் என் கண்கள் மூடியிருக்கும், உதடுகள் அசையும். மதுஷன் அந்த இடத்தில் சத்தத்தை எடுத்துவிட்டுச் சேகண்டி ஓசையை வைத்திருந்ததால் என்ன சொல்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது. பழங்காலப் போர்ச்சொல் என்று மதுஷன் பேட்டி கொடுக்கிறார். உஸ்தாதுமார் மட்டும் அறிந்த ஓதல் என்கிறார்கள் ஊரில். மச்சான் நளீர் போன வெள்ளிக்கிழமை என் கையைப் பிடித்து, "வாப்பா எனக்கு இதைக் காட்டல்ல மச்சான்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் பின்னேரம் என் முற்றம் நிறைய ஆட்கள் கம்போடு குனிந்து நிற்கிறார்கள். கண்ணை மூடி உதட்டை வேறு அசைக்கிறார்கள். நான் சலாத்தைத் தொடங்கி நீட்டிக்கொண்டே போகிறேன்.

"இஞ்சாருங்க, இவனுகள நிமிரச் சொல்லுங்களன்" என்று கைறுன்னிஸா ஜன்னலால் கத்துகிறாள். "கோழியக் கூட்டில அடைக்க வழியில்ல. ஆளுக்கொரு அடி போட்டு அனுப்புங்களன், அதுக்குத்தானே வந்து நிக்கிறானுகள்."

அதையும் யோசித்துப் பார்த்தேன், மறைக்கவில்லை. எல்லோருடைய காலையும் உடைப்பதற்கு முற்றம் போதாது. அத்தோடு ஒவ்வொருவரும் புரியாணி கொண்டுவருவார்கள்.

நாளைக்கு நளீர் வருகிறார், மாணவனாக. றிஸ்விக்கு அடுத்த கிழமை மாவுக்கட்டு வெட்டுகிறார்கள், அவரும் வந்து குனிந்து நிற்பாராம். ஆகவே சார்ஜன்ட், என்னைப் பொலிஸ் கூட்டில் போடுங்கள். அங்கே யாரும் அடுத்த வரிசையைக் கேட்கமாட்டார்கள். வேண்டுமென்று, யோசித்து, குனிந்து நின்ற மனிதனின் இடது காலை உடைத்தேன். என் வாப்பாவின் மேல் ஆணை. அந்த ஒரு அடியாவது என்னுடையது.

போனில் அந்தத் துண்டை அப்படித் திருப்பித் திருப்பிப் போடத் தேவையில்லை. ஓம், மெதுவாக ஓடவிட்டால் அப்படித்தான் தெரியும். கம்பு இறங்குவதற்கு முன்பே கண் மூடிவிட்டது என்பதும், வலது காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி உதறுகிறேன் என்பதும், காலில் ஏதோ தொங்குகிறது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அந்த உதட்டசைவு ஓதலுமில்லை, போர்ச்சொல்லுமில்லை. "உம்மா" என்று பெற்றவளைக் கூப்பிட்டேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட். அடிப்பதென்று நான் முன்பே முடிவெடுத்துவிட்டேன். நண்டு கடித்தது அதற்குப் பிறகு.