சவுத்தாலில வாங்கின மெசின்

...இல்லைத் தம்பி, பிழை மெசினில இல்லை. வித்தவனில. அதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ. உந்தக் கதிரையில இருங்கோ... ஒரு பக்கம் கொஞ்சம் சரியும், பயப்பிடாதேங்கோ, விழாது. கீழ் கடைப் பலகையில நாங்கள் ஒட்டின கார்ட்டைப் பாத்திட்டுத்தானே வந்தனீங்கள்? ஹரோவில இருந்தோ? அவ்வளவு தூரமோ! ரியூசன் சென்ரர் துவங்கப் போறியளாக்கும். நல்லது, நல்லது. அப்ப கொப்பி மெசின் கட்டாயம் வேணும்தானே.

ஸ்விச்சைப் போட்டிட்டன். சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுக்குள்ள நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லப் போறதில்லை. இவர் வேலைக்குப் போகேக்க சொல்லிப்போட்டுத்தான் போனவர், "ஆள் வந்தா மெசினைக் காட்டு, விலையைச் சொல்லு, வாயை மூடு" எண்டு. கட்டின மனுசியைப் பாத்துச் சொல்லுற கதையோ இது? இண்டைக்கு இது விலைப்படாட்டி, திங்கக்கிழமையில இருந்து இவற்ற தங்கச்சி கலாவதி வந்து இந்த மேசையில இருப்பாவாம். ரிக்கற் புக் பண்ணுறது அவவாம், ரெலிபோன் எடுக்கிறது அவவாம். நான் வீட்டில இருந்து சோறு காய்ச்சட்டாம். எனக்கு யாவாரம் தெரியாதாம். இந்தக் கதவுக்குப் பெயின்ற் அடிச்சது ஆர்? இந்த ஃபாரஸ்ட் கேட் ஊர் முழுக்க மழையில நடந்து நோட்டீஸ் குடுத்தது ஆர்? கலாவதியோ? அவ அப்ப நாரிப்பிடிப்பு எண்டு படுத்துக் கிடந்தவ.

சரி, அதை விடுவம். மெசினுக்கு வாறன்.

இதை வித்தவன் கிறிஸ்துநாயகம் எண்டு ஒருத்தன். சவுத்தாலில ஒரு கராஜ் வைச்சிருக்கிறான். பூட்டுப்பட்ட கொம்பனியளின்ர மேசை, கதிரை, ரைப்ரைற்றர், இப்பிடி மெசினுகள் எல்லாம் அடுக்கி வைச்சு விக்கிறான். இந்த ட்ராவல்ஸ் துவங்க முதல் அவனிட்டைத்தான் போனனாங்கள். புதுசு வாங்க எங்களுக்கு எங்க தம்பி ஏலும்? உந்தக் கதிரையும் அவனிட்டை வாங்கினதுதான்... அது சரிஞ்சது இவர் ஏறி நிண்டு பல்ப் மாத்தினதால. அது வேற கதை.

அங்க வைச்சு இவற்ற பாஸ்போட்டைக் கொப்பி எடுத்துக் காட்டினான். இவர் ஷேவ் எடுக்கேக்க வெட்டுப்பட்ட காயம் கூடத் தெரிஞ்சுது. பிறகு என்ர கையை வைக்கச் சொல்லி அதையும் எடுத்தான். ரேகை தெரிஞ்சுது. சாத்திரியாரிட்டைக் காட்டலாம், அப்பிடி ஒரு கொப்பி. கேக்கக் கேக்க எடுத்துத் தந்தான். அதுதான் தம்பி அவன்ர கள்ளத்தனம். தன்ர இடத்தில நல்லா வேலை செய்யிற மாதிரிக் காட்டிப்போட்டு, எங்கட இடத்துக்கு வந்தாப் பிறகு குழப்புறது.

நாங்கள் என்ன குறை வைச்சனாங்கள், சொல்லுங்கோ? நாலு பேர் சேர்ந்து படியால தூக்கி ஏத்தி, கிழக்குப் பக்கச் சுவரோட வைச்சம். நல்ல நாள் பாத்து, ஒஃபிஸ் திறக்கப் பால் காய்ச்சினம். உந்த மெசினுக்கு மேலதான் காய்ச்சினது. ஏன் தம்பி அப்பிடிப் பாக்கிறியள்? நிலத்தில கார்பெற், லாண்ட்லோட் சத்தம் போடுவான். மேசை ஆடும். மட்டமா, அகலமா உள்ள இடம் இது ஒண்டுதான். பலகைத் துண்டு ஒண்டைப் போட்டு, காம்பிங் அடுப்பை வைச்சு, பானையை வைச்சன். பொங்கினதுதான் பொங்கிச்சு... அப்பிடி ஒரு பொங்கல், நேர கிழக்குப் பக்கம்! எல்லாருக்கும் சந்தோசம். கார்பெற்றில ஒரு துளி விழேல்லை. அவ்வளவும் இந்த நீக்கலுக்குள்ளால மெசினுக்கை போட்டுது. இதை ஏன் சொல்லுறன் எண்டா, வாங்கிற சாமானின்ர ராசி உங்களுக்குத் தெரியவேணும். லண்டனில இப்பிடி ராசியான மெசின் வேற எங்கையும் கிடையாது.

அடுத்த நாளே கிறிஸ்துநாயகம் தன்ர குணத்தைக் காட்டத் துவங்கிட்டான். பேப்பர் ஒண்டோட ஒண்டு ஒட்டுது. சூடேற ஒரு மணம்... ஓம், இப்ப வருகுதே, அதுதான். இருங்கோ, யன்னலைத் திறக்கிறன். இஞ்ச வாற அம்பலவாணண்ணை விசா அலுவலா ஹோம் ஒஃபிசுக்கு அனுப்பக் கொப்பி எடுத்துக்கொண்டு போனவர். வீட்டில வைக்க, அவற்ற பூனை ஏறி இருந்து முழுக்க நக்கிப்போட்டுதாம். எங்கட பேர்தானே கெடுது? ரெலிபோன் எடுத்து அவனைக் கிழிகிழியெண்டு கிழிச்சன்.

வந்தான். வரேல்லை எண்டு சொல்லமாட்டன். பக்கத்து மூடியைக் கழட்டி, மூக்கை வைச்சுப் பாத்திட்டு, "அக்கா, உள்ளுக்கை என்ன போனது?" எண்டு கேட்டான். அசுத்தமான சாமான் ஒண்டும் போகேல்லை எண்டு சொன்னன். பால் அசுத்தமோ தம்பி? பிறகு விரலால தொட்டு மணந்து தானாவே கண்டுபிடிச்சிட்டான். அவனும் கராஜ் திறக்கேக்க பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிச்சவன்தானே? அதுக்கு ஒரு மெசினும் பழுதாகேல்லை. பாலுக்கு மட்டும் பழுதாகுமோ? இதைக் கேட்டன். தான் கொண்டுபோய்க் கழட்டிக் கழுவித் தாறானாம், காசும் வேண்டாமாம். பிழை செய்யாதவன் ஏன் தம்பி காசு வேண்டாமெண்டுறான்? அந்த இடத்திலயே பிடிபட்டுப் போனான். வந்த படியாலயே இறக்கிவிட்டன்.

லைற் பச்சை வந்திட்டுது. பேப்பரை வைக்கட்டோ?... வேண்டாமோ? ஏன் எழும்பிறியள், ஒரு தேத்தண்ணி போடுறன்... என்ன? கிறிஸ்துநாயகத்தின்ர நம்பரோ? இருங்கோ, இருங்கோ, இந்தா தாறன். நீங்களும் அவனை ரெண்டு கேள்வி கேக்கப் போறியளாக்கும். கேளுங்கோ தம்பி, நல்லாக் கேளுங்கோ. வேற மெசினுகள் வைச்சிருக்கிறானோ எண்டோ? ஐயோ, கராஜ் நிறைய. எல்லாம் இதைப் போலதான். காலமை போனா ஆளைப் பிடிக்கலாம். தவநாயகி அக்கா அனுப்பினவ எண்டு சொல்லுங்கோ. படி வழுக்கும், பாத்து இறங்குங்கோ.

...ஹலோ? ஓம், நான்தானப்பா. ஓம், வந்தவர். இப்பதான் இறங்கிப் போறார். விலையோ? அது கதைக்க எங்க நேரம்... இல்லை, நான் வாயே திறக்கேல்லை. இன்னும் வாங்கேல்லைத்தான், ஆனா ஆள் முழுக்க எங்கட பக்கம். கிறிஸ்துநாயகத்தின்ர நம்பரைத் தானாக் கேட்டு வாங்கிக்கொண்டு, நேர சவுத்தாலுக்குத்தான் போறார், அவனை ஒரு கை பாக்க. யாவாரம் தெரியாதவளெண்டா ஒரு மனுசன் இவ்வளவு நேரம் இருந்து கேப்பானோ? கலாவதிக்குச் சொல்லிவிடுங்கோ, திங்கக்கிழமை வரத் தேவையில்லை எண்டு.