என் மகளுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

தலைமை நாற்காலியில் அமர்ந்தும், பேச வருகிற ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றித் தருகிற தபால்கார ஐயா அவர்களே! மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தாலும் வந்த வேலையை விட்டுப் போகாத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அரைத் தூக்கத்துப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடம் இருந்தும் உட்காராமல் பின்னால் நிற்கும் அண்ணன்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என் உடன்பிறந்த அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரியின் அன்பு கலந்த வணக்கம்.

அரசுப் பள்ளி நல்லதா, தனியார் பள்ளி நல்லதா? பேசு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம் நின்று மறுபக்கத்தை வறுத்தெடுத்துவிட்டு இறங்குவது எளிது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏனென்றால் அந்த இரண்டு பள்ளியும் ஒரே வீட்டில், ஒரே போர்வைக்குள் படுத்துத் தூங்கின.

அப்பா தனியார் பள்ளியின் வேன் ஓட்டுநர். ஓட்டுநர் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் அங்கே இலவசமாய் இடம் உண்டு என்பது விதி. மூத்தவள் என்பதால் அக்கா போனாள். இளையவள் நான், இதோ நமக்குப் பின்னால் இருக்கும் இந்த அரசுப் பள்ளிக்கு வந்தேன். காலையில் நான் நடந்து போவேன்; அப்பாவின் வேன் என்னைக் கடந்து போகும். என்னை ஏற்றக்கூடாது, அதுவும் விதி. ஆனால் ஹாரன் அடிக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லையே! அப்பா அடிப்பார். ஜன்னலில் அக்காவின் கை அசையும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

எங்கள் பள்ளியில் கூடம் ஒன்று, வகுப்பு ஐந்து, டீச்சர் ஒருவர். இந்த மூலையில் ஒன்றும் இரண்டும், அந்த மூலையில் மூன்றும் நான்கும், ஜன்னலோரம் ஐந்தாம் வகுப்பு. சுவர் கிடையாது, தடுப்பு கிடையாது, காதை மூடவும் வழி கிடையாது! இங்கே கூட்டல், அங்கே பாட்டு, ஜன்னலோரம் பூகோளம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்பில் ஒரு 'பெரியவள்' உண்டு. என் பெரியவள் ரொட்டிக்கடைக்காரர் மகள். மூக்கைத் துடைத்துவிடுவாள், பென்சில் சீவித் தருவாள், நான் அழுதால் எனக்கு முன்னால் அவள் அழுதுவிடுவாள். அவளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு இனிக்கிறது.

ஒருநாள் மேலதிகாரி வந்தார். ஐந்தாம் வகுப்பைப் பார்த்து, "ரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்புறது எது?" என்றார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் அத்தனை பேரும், "இதயம், சார்!" என்றோம். அவர் அசந்துபோய் எங்கள் பக்கம் திரும்பி, மூன்றாம் வாய்ப்பாடு கேட்டார். பேந்தப் பேந்த விழித்தோம். அடுத்த வகுப்புப் பாடம் அத்தனையும் அத்துப்படி. எங்கள் பாடம் மட்டும் எங்களுக்கு வராது! அவருக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை. "இந்தப் புள்ளைங்க எந்த வகுப்பும்மா?" என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் அசரவில்லை. "எல்லா வகுப்பும்தாங்க" என்றார்.

சிரியுங்கள், சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் அக்கா பள்ளியையும் சொல்ல வேண்டும் அல்லவா? அங்கே வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு. நூலகம் இருந்தது. வெங்காயத் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி இருந்தது. அதை அக்கா சொன்னபோது பொறாமையில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆங்கிலத்தில் யார் வந்து நின்றாலும் அக்கா பதில் சொல்வாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அதை அந்தப் பள்ளிதான் தந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் பள்ளிக் கழிப்பறைக்கோ கதவு கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி காவல் நிற்பாள். பாதிப் பேர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தோம். அது பழம்பெருமையா? இல்லை, தாய்மார்களே, அது கொடுமை.

ஆனால் மாலையில் என்ன நடக்கும் தெரியுமா? அக்கா ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு என் அருகில் வந்து உட்காருவாள். "இன்னைக்கு உன் ஸ்கூல் விளையாட்டு விளையாடலாம்டி" என்பாள். "உன் ஸ்கூல் விளையாடலாமே" என்று கேட்டால், "அதுல வாயில விரல வச்சுக்கிட்டு உக்காரணும், போடி" என்பாள். தலையணைகள் ஒன்றாம் வகுப்பு, பாத்திரங்கள் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திப் பாடம் நடத்துவோம். அம்மா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். அந்த மாலைகளைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

என்ன அண்ணே? பின்னால் நிற்பவர் ஏதோ கேட்கிறார். "உம் புள்ள எங்கம்மா படிக்குது?" நியாயமான கேள்வி. ஊருக்கு உபதேசம் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது பாருங்கள். என் மகன் தனியார் பள்ளியில்தான் படிக்கிறான். நன்றாகவே படிக்கிறான். அதை மறைத்துவிட்டு இங்கே கைதட்டல் வாங்க எனக்கு ஆசையில்லை.

ஆனால் அண்ணே, இரண்டு பள்ளிக்கும் சீருடை தைப்பவள் நான். ஒரு பள்ளியின் உயிர் எப்படி இருக்கிறது என்று என் தையல் மிஷினைக் கேட்டால் தெரியும். இந்த ஆண்டு தனியார் பள்ளித் துணி என் கடையில் மலையாய்க் குவிந்து கிடக்கிறது. இந்தப் பள்ளியின் முதல் வகுப்புக்கு? ஒரே ஒரு சட்டைதான் தைத்தேன். அதுவும் என் மகளுக்கு.

ஆமாம், நாளைக் காலை என் மகள் இங்கே சேருகிறாள். முதல் வகுப்பில் ஒரு பிள்ளையும் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒருத்தி சேர்ந்தால் மூட மாட்டார்கள். கழிப்பறைக்குக் கதவு வந்துவிட்டது, டீச்சர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். ஆனால் நேற்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்தக் காப்பாத்த உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? ஒத்தப் புள்ளையா உக்காந்திருப்பாளேடி. சண்டை போடக்கூட ஆள் வேணாமா அவளுக்கு?" என்றாள். இரவெல்லாம் மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன்.

கட்டடம் பள்ளியா? கதவு பள்ளியா? கரும்பலகையும் கருவியும் மட்டும் பள்ளியா? பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால் அல்லவா பள்ளி! என் அக்கா கேட்டதுதான் சரி. அதனால் நான் உங்களிடம் சட்டம் பேச வரவில்லை, தத்துவம் பேச வரவில்லை. உங்கள் பிள்ளைகள் அத்தனை பேரையும் கேட்கவில்லை. என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார, அவளோடு சண்டை போட, அவள் காதில் ரகசியம் சொல்ல, ஒரே ஒரு பிள்ளையைக் கேட்கிறேன்.

கேட்டுவிட்டேன். இனி வாய் ஓய வேண்டியதுதான்.

யாரது, அந்தத் தூணோரம்? சற்று விலகுங்கள் அண்ணே, தெரியவில்லை. கையைத் தூக்குகிறார்களா? இல்லை, ஓர் அம்மா தன் பிள்ளையையே தூக்கிக் காட்டுகிறார்! இறக்கிவிடுங்கள் அம்மா, மிரளப் போகிறாள். வேண்டாம், இப்போது பெயர் சொல்ல வேண்டாம். நாளைக் காலையில் அவளே என் மகளிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், மடியிலிருந்து ஒரு மகளைத் தந்த தாய்க்கும் என் நன்றி. வருகிறேன், அந்தக் குழந்தைக்குச் சட்டை அளவெடுக்க வேண்டும். வணக்கம்.