கிழக்கு வரப்பு

– தள்ளி உக்காருங்க. காலை நீட்டறதுக்கு இது தண்ணிக்குப் பயந்து ஏறின மோட்டார் ரூம் கூரை, உங்க அப்பா கட்டின பங்களா இல்ல.

– எங்கப்பா கட்டினதுதான்டி இது.

– அதான் ரெண்டு பேருக்குக் கூட இடம் பத்தல.

– மழை விட்டுடும் பாரு.

– காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க. அந்த மேகம் நம்ம தலைக்கு மேலயே பாய் விரிச்சுப் படுத்திருக்கு.

– நகர்ந்துடும்...

– எங்க நகருது? உங்களை மாதிரியே சத்தம்தான் பலமா இருக்கு. அசையக் காணோம்.

– போன்ல ‘மெதுவா நகரும்’னுதானே வந்துச்சு? நகரும்னு சொல்லியிருக்கே!

– மெதுவாங்கறதை வசதியா முழுங்கிட்டீங்க. பறிச்ச வெங்காயத்தை மேட்டுல ஏத்துங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

– தார்ப்பாய் போட்டேன்ல?

– மேல போட்டீங்க. தண்ணி கீழ வந்துச்சு.

– ஐயோ, அங்க பாரு... குவியலே கரைஞ்சு போகுது. இந்த வருஷப் பாடு மொத்தமும் போச்சுடி.

– பார்த்துட்டுதான் இருக்கேன்.

– இவ்வளவு தண்ணி நம்ம வயல்ல நிக்கவே கூடாதே!

– ஏன்? மேகம் உங்ககிட்ட கேட்டுட்டுதான் கொட்டணுமா?

– இல்ல... இந்நேரம் வடிஞ்சிருக்கணும்.

– எந்த வழியா?

– வழக்கமா... வடியற வழியா.

– வாய்க்கால் மேற்கால இருக்கு. நீங்க ஏன் கிழக்கையே பார்க்கறீங்க?

– கழுத்து பிடிச்சுக்கிச்சு.

– பாவமே. தேய்ச்சு விடட்டுமா?

– எல்லாம் உன் தம்பி வேலை!

– என் தம்பி என்ன பண்ணினான்?

– வரப்பை அடைச்சுட்டான்!

– அடைக்கணும்னா... முதல்ல யாராவது வெட்டியிருக்கணுமே?

– அது... வந்து...

– என்ன, கழுத்துல பிடிச்சது நாக்குக்கு ஏறிடுச்சா?

– சரி, வெட்டினேன்! நம்ம வெங்காயத்துக்காகத்தானே? அவன் நிலத்துல என்ன இருக்கு, வெறும் புல்லு...

– புல்லுக்கு அந்தப் பக்கம், பள்ளத்துல அவன் வீடு இருக்கு.

– அதான் ஐயா மண்வெட்டியைத் தூக்கிட்டு வந்து அடைச்சிட்டாரே, கெட்டிக்காரர்! மழை விடட்டும். நேர்ல போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்.

– அவனை ஏன் கேக்கணும்? அவன் நேத்தே லோடு ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போயாச்சு. வீட்டுல அவன் பொண்டாட்டியும் பச்சைக் குழந்தையும்தான் இருக்காங்க. நம்ம வெங்காயம் போயிடும்னு தெரிஞ்சேதான் அந்த வரப்பை அடைச்சேன். வாங்க, என் சட்டையைப் பிடிங்க.