வலது பக்கத்து சீட்டு

கருவடிக்குப்பத்திலிருந்து பெரிய மார்க்கெட் போகும் பஸ். முன்சீட்டில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவரும் வேட்டி கட்டிய அவர் நண்பரும். நான் செல்போனில் குறுஞ்செய்தி படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் அனுப்புவதில்லை.

"ஸ்போர்ட்ஸ் கார வச்சிக்கினு பஸ்ல வரீங்களே முசே?" என்று 'ஐயா'வைப் பிரெஞ்சில் சொல்லிக் கேட்டார் வேட்டிக்காரர்.

"அத எடுத்தா, ஆளில்லாம வண்டி போவுதுன்னு தெருவே பாக்குது."

"அதெப்படி?"

"பிரான்ஸ் வண்டியில்ல? ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் காலியா இருந்தா அப்படித்தான் தெரியும்."

"பழைய இரும்பு வெலைக்கு வாங்கி, வீட்டு வாசல்லயே நாலு வருசம் பிரிச்சி மாட்டினீங்க. உங்க வீட்டு மதாம்தான டார்ச் புடிச்சாங்க?"

"ஆமா. வலது சீட்டுக்கு உறைகூட அவளே தைச்சா. பெயிண்ட் காயறதுக்குள்ள போய்ட்டா. ஒரு ரவுண்டுகூட வரல."

நான் செல்போன் பொத்தானை அழுத்துவதை நிறுத்திவிட்டேன்.

"மெக்கானிக்க வச்சி ஸ்டியரிங்க வலது பக்கம் மாத்திடுங்களேன்" என்றார் வேட்டிக்காரர். "எல்லார் வண்டி மாதிரி ஆயிடும்."

தொப்பிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாத்தலாம்தான். அப்பறம் நான் அவ சீட்டுல போய் உக்காரணுமே."