கூட்டம் இல்லாத வாரமாப் பார்த்து

— அந்த வாரம் வேண்டவே வேண்டாம். கேளுங்க, அந்த வாரம் நாம போகப் போற ஊர்ல பள்ளிக்கூடம் லீவாம். ஊர்ச்சனம் மொத்தமும் குழந்தை குட்டியோட பூ பாக்கக் கிளம்பிடும்.

— சரி, அதுக்கு அடுத்த வாரம்.

— அடுத்த வாரம்தான் பூ உச்சம். அப்போ வெளிநாட்டுக்காரங்க வந்து மொய்ப்பாங்க.

— நாமளும் வெளிநாட்டுக்காரங்கதானே.

— சிரிக்காமச் சொல்றீங்க பாருங்க.

— சிரிக்கற விஷயம்னு தோணலை.

— நான் சொல்றது முந்தின வாரம். பூ பாதிதான் விட்டிருக்கும், மீதியெல்லாம் மொட்டு. மொட்டைப் பாக்கறதுக்கு விமானம் ஏறி யாரு வருவா?

— நாம வருவோம்.

— அதான். நாம மட்டும் வருவோம். உங்களுக்குப் பரவாயில்லையா?

— மொட்டே போதும் எனக்கு.

— எதைச் சொன்னாலும் போதும்கறீங்க. பிடிச்சிருக்கா இல்லையான்னு வாயைத் திறந்து சொல்லுங்க.

— பிடிச்சிருக்கு, மேனேஜரம்மா.

— முதல்ல அந்த இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வைங்க. ஒரே இடத்துல வெச்சுக்கிட்டே நிக்கறீங்க, சட்டை கருகிடப் போவுது.

— கருகாது. ஸ்விட்சே போடலை.

— ஸ்விட்ச் போடாமயா இவ்வளவு நேரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தீங்க?

— இப்பத்தான் கவனிச்சேன்.

— சரி விடுங்க. போட்டுட்டு வந்து உக்காருங்க. இந்தப் படத்தைப் பாருங்க. இதான் துறைமுகம். ஹோட்டலெல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கு. நாம இங்க தங்கலை. படகு ஏறி எதிர்க்கரைக்குப் போயிடறோம். அங்க ஒரு சின்ன ஊர். ஒரு ரொட்டிக் கடை, ஒரு மருந்துக் கடை, அவ்வளவுதான் விஷயம்.

— மருந்துக் கடையையும் பாத்து வெச்சுட்டியா?

— உங்க தூக்க மாத்திரை தீந்து போனா என்ன பண்றது? கேளுங்க. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பெரிய கப்பல் வருதாம். ஒரு கப்பல்லேருந்து ஒரு ஊரே இறங்குமாம். அந்த ரெண்டு நாளும் நாம வெளிய தலை காட்டக் கூடாது. ரூமோட இருந்துடுவோம்.

— ரூம்ல உக்காந்து என்ன பண்றது?

— ஜன்னல் வழியா கடலைப் பாக்கறது.

— கடல்ல அந்தக் கப்பல்தானே நிக்கும்?

— நின்னா நிக்கட்டும். தூரத்துல நிக்கற கப்பல் யாரையும் இடிக்காது.

— ம்.

— அப்புறம் தோட்டம். காலையில கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே டூரிஸ்ட் பஸ் வரிசை கட்டிடும். சாயங்காலம் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. நாம அப்போ உள்ள போறோம். பின்பக்கமா ஒரு வாசல் இருக்கு, அது நிறையப் பேருக்குத் தெரியாதாம்.

— உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— ஒரு மாசமா இதே வேலைதானே எனக்கு. கண்ணாடிக் கடையில ஆள் இல்லாத நேரமெல்லாம் போன்ல இதைத்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தர் வந்து, கண்ணு மங்கலா தெரியுதுங்கறார், நான் அவர்கிட்ட எந்த மாசம் போகப் போறீங்கன்னு கேட்டுட்டேன்.

— நல்ல கடை.

— அவரு நல்லவரு. கூட்டம் குறைஞ்ச மாசமாப் பார்த்துப் போறேன்னுட்டுப் போயிட்டார்.

— இது என்ன, மலை மேல ஏதோ கோட்டை மாதிரி தெரியுது?

— கோட்டைதான். அது வேண்டாம்.

— ஏன், இடிஞ்சு கிடக்கா?

— நல்லாத்தான் இருக்கு. வேண்டாம், அவ்வளவுதான் விஷயம்.

— எல்லாப் படத்துலயும் இந்தக் கோட்டைதான் இருக்கு. அங்க வரைக்கும் போயிட்டு இதைப் பாக்காம வர்றதா?

— மேல போறதுக்கு ஒரே படிக்கட்டு. ஏறறவங்களும் இறங்கறவங்களும் அதே வழிதான். ரெண்டு பக்கமும் சுவர்.

— ஓ.

— உங்களுக்காகத்தான் சொன்னேன்.

— தெரியும்.

— காப்பி போடட்டுமா?

— வேண்டாம், உக்காரு. படிக்கட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் ஒண்ணும் பொடிஞ்சு போயிடமாட்டேன். விசாரணையில அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? மழை கொட்டுது, வண்டி தாமதம், கடைசி நேரத்துல பிளாட்பாரத்தை மாத்தி அறிவிக்கறாங்க, மேலேருந்து ஒரு கூட்டம் இறங்குது, கீழேருந்து ஒரு கூட்டம் ஏறுது, அடியில ஸ்டேஷன் டிக்கெட் கேட்டண்டை நான் நிக்கறேன். யாரோ ஒருத்தர் வழுக்கி விழறார், அவர் மேல கூட்டம் மொத்தமும் சரியுது. இப்ப என்னை எழுப்பி விட்டுக் கேட்டாலும் கடகடன்னு ஒப்பிப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகறதில்லை.

— உங்க மேல தப்பே இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

— சொல்லிட்டாங்க. சொல்லிட்டு கேட்லேருந்து எடுத்து லக்கேஜ் ரூம்ல போட்டுட்டாங்க. பெட்டியோட பெட்டியா நானும் உக்காந்திருக்கேன்.

— நல்லதுக்குத்தான். பெட்டி முண்டி அடிச்சுக்கிட்டு ஓடாது.

— ஓடாது. பெட்டி வாயைத் திறந்து நேரம் கூட கேக்காது. கேட்ல நிக்கறப்ப ஒருநாளைக்கு எத்தனை பேரு நேரம் கேப்பாங்க தெரியுமா? தலைக்கு மேல அவ்வளவு பெரிய கடிகாரம் தொங்கும். இருந்தாலும் என்கிட்டதான் கேப்பாங்க.

— அதெல்லாம் இப்ப எதுக்கு? நான் என்ன சொல்ல வந்தேன்... ஆங், விமானம். விடியக்காலை விமானம்தான் காலியா இருக்குமாம்.

— ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— சாயங்காலம் நான் தாமதமா வர்றேனே, பெட்டி எடுக்க ஆள் வரலை, அதனால பூட்ட முடியலைன்னு சொல்றேனே. அது பொய்.

— பொய்யா? பின்ன எங்க போறீங்க?

— எங்கயும் போகலை. டியூட்டி முடிஞ்சதும் ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு ஏறிப் போய் நிக்கறேன். அதே படிக்கட்டுக்கு நேர் மேல.

— எத்தனை நாளா இது?

— திரும்ப வேலையில சேர்ந்ததுலேருந்து.

— ஐயோ, எதுக்குங்க? டாக்டர் சொன்னாரா அங்க போய் நிக்கச் சொல்லி?

— அவரு நடைப்பயிற்சி போகச் சொன்னார். நான் நடந்து அங்க போறேன். கோவிச்சுக்காதேன்னேன்ல?

— கோவிச்சுக்கலை. எதுக்குன்னு கேக்கறேன்.

— சும்மாதான். பெரிய கூட்டமா ஒரு வண்டி வந்து நிக்கும். எல்லாரும் இறங்குவாங்க. ஆபீஸ் பை, காய்கறிப் பை, தோள்ல தூங்கற குழந்தை. ஒரு பொண்ணு நடந்துக்கிட்டே தலை பின்னிக்கும். நெருக்கிக்கிட்டுத்தான் போவாங்க. ஆனா ஒருத்தர் மிச்சமில்லாம வெளிய போயிடுவாங்க. படி காலியாயிடும். அந்த நிமிஷம் இங்க, நெஞ்சுல, ஏதோ ஒண்ணு லேசா அசையும். மத்தபடி நாள் முழுக்க மரக்கட்டைதான். அதுக்காகத்தான் போறேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— எப்படிச் சொல்றது? கூட்டம்கற வார்த்தையையே நீ வீட்டுல எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டே. டிவியில ஒரு மைதானத்தைக் காட்டினா உடனே மாத்திடுவே.

— உங்களுக்காகத்தானே மாத்தினேன்!

— நான் குளிச்சுக்கிட்டு இருப்பேன். அப்பவும் மாத்துவே. சத்தத்துலயே தெரியும்.

— நீங்க சட்டுன்னு வெளிய வந்து பாத்துட்டா?

— உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். நீ உள்ளேருந்து வந்து, இவருக்குக் கூட்டம் ஆகாது, நாங்க அப்புறமா வந்து பாக்கறோம்னு அவளுக்குப் போன் பண்ணே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

— உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னு...

— எனக்கு அன்னைக்குச் சாப்பாடு போச்சு. அது போகட்டும். கடைக்கு ஏன் பஸ்ஸை விட்டுட்டு நடந்து போறே? மழையிலயும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறே.

— நடந்தா உடம்புக்கு நல்லது.

— லிஃப்ட்ல நாலு பேர் நின்னா, மறந்துட்டேன்னு எதையோ சொல்லிட்டுத் திரும்பிப் போய்ப் படியேறி வர்றே. காவல்காரர் என்கிட்டயே கேட்டுட்டார், அம்மாவுக்கு என்ன அடிக்கடி மறதின்னு.

— அந்தக் காவல்காரருக்கு வேற வேலையே இல்லையா?

— நான் குத்தம் சொல்லலை. கூட்டம் இல்லாத வாரம், கூட்டம் இல்லாத ஊர், பின்பக்க வாசல். எல்லாம் எனக்காகன்னுதான் நானும் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். இப்பக் கேக்கறேன். யாருக்கும்மா இதெல்லாம்?

— சட்டை.

— என்ன?

— இஸ்திரிப் பெட்டி சூடாயிடுச்சு. சட்டை மேல இருக்கு.

— எடுத்துட்டேன். அணைச்சுட்டேன். சொல்லு.

— என்ன சொல்றது?

— உனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு. எனக்கு இதான் புரியவே மாட்டேங்குது. அன்னைக்கு ஒரு ரயில்வே போலீஸ்காரர் போனை வாங்கி உனக்குத்தான் முதல்ல பேசினேன். நான்தான் பேசறேன், எனக்கு ஒண்ணும் இல்லைன்னேன். நீ, சரி, சாப்பிட வந்துடுங்கன்னே. அவ்வளவு நிதானமா. அழுகை இல்லை, பதட்டம் இல்லை. ஊரெல்லாம் சொல்லியிருக்கேன், என் பொண்டாட்டிக்கு இரும்பு மனசுன்னு.

— அப்போ நான் வீட்ல இல்லைங்க.

— கடையிலயா இருந்தே?

— கடையிலயும் இல்லை. ஸ்டேஷன் வாசல்ல.

— எந்த ஸ்டேஷன்?

— உங்க ஸ்டேஷன்தான். கடைக்கு வந்த ஒரு அம்மா சொன்னாங்க, கேட்ல நின்ன ஆளும் போயிட்டாராம்னு. என்னை யாருன்னு தெரியாமச் சொன்னாங்க. ஓடி வந்தேன். உள்ள விடலை. ஜனம் என்னைத் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டு போயிடுச்சு. அங்க தார்ப்பாய் விரிச்சு செருப்பு, ஷூவெல்லாம் அடுக்கி வெச்சிருந்தாங்க. யாராவது அடையாளம் சொல்லுவாங்கன்னு.

— ஏய், இங்க வா. வந்து பக்கத்துல உக்காரு.

— இருங்க, சொல்லிடறேன். ஒரு கறுப்பு ஷூ இருந்துது. உங்க எல்லாருக்கும் ஒரே ஷூதானே குடுப்பாங்க? நான் அது உங்களுதுன்னே முடிவு பண்ணிட்டேன். மடியில வெச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்துட்டேன். எல்லா அழுகையும் அழுதேன். உங்க அக்காவுக்கு யாரு சொல்றது, உங்களை எந்தச் சட்டை போட்டு அனுப்பறதுன்னு வரைக்கும் யோசிச்சு முடிச்சுட்டேன். அப்பத்தான் போன் அடிச்சுது.

— நான் வீட்டுக்கு வர்றப்ப நீ சமைச்சு வெச்சிருந்தியே!

— உங்களுக்கு முன்னாடி வந்து சமைச்சேன்.

— இத்தனை நாளா இதை மனசுல வெச்சுக்கிட்டு... ஏன் சொல்லலை? நான் என்ன சொல்லிடப் போறேன்?

— இதை எப்படிங்க சொல்றது? போன்ல உங்க குரல்தான்னு தெரிஞ்சும் எனக்குச் சந்தோஷமே வரலை. நீங்க வீட்டுக்கு வந்தீங்க, சாப்பிட்டீங்க, இதோ எதிர்ல உக்காந்திருக்கீங்க. இன்னும் வரலைங்க.